நோயுற்ற சண்டை மீனும் நம் வீட்டு வரவு செலவும்

இல்லமும் நலமும் – வாரப் பத்தி

யாங்கோன் நகரின் மேற்குப் புறத்தே, ஹ்லைங்தாயாவில் வாடகை அறையொன்றில் வாழும் தாய் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். ஊரை விட்டு வந்தபின் அவருடைய ஒன்பது வயது மகன் வளர்த்துவரும் ஒரே உயிர் ஒரு சண்டை மீன். நான்கு நாட்களாக அம்மீன் குடுவையின் அடியிலேயே கிடக்கின்றது, உணவை நாடுவதில்லை, வாலின் ஓரம் கந்தலாகியுள்ளது. மீன் விற்கும் கடையில் மூன்று புட்டி மருந்துகளை வாங்கச் சொல்லியிருக்கின்றனர். அவற்றின் விலை அக்குடும்பத்தின் இரண்டு நாள் அரிசிச் செலவுக்குச் சமமாம். "வாங்குவதா, விட்டுவிடுவதா?" என்று கேட்கின்றார். "மனிதருக்கே மருந்து கிடைக்காத காலத்தில் மீனுக்கு மருந்தா என அயலார் நகைக்கின்றனர்" என்றும் வருந்தி எழுதியுள்ளார்.

நமது விடையை முதலிலேயே கூறிவிடுகின்றோம். மருந்துகளை வாங்க வேண்டாம். மீனைக் கைவிடவும் வேண்டாம். சிறு குடுவையில் வாழும் சண்டை மீனுக்கு வரும் நோய்களிற் பெரும்பாலானவை நீர் கெடுவதால் வருபவை. கெட்ட நீரில் விலையுயர்ந்த மருந்தை ஊற்றுவது, சாக்கடை ஓரத்தில் படுத்திருப்பவனுக்கு அங்கேயே மருந்து புகட்டுவது போன்றது. நீரைத் திருத்துவதே முதல் மருத்துவம். அதற்கு வேண்டியது பணமன்று. ஒரு வார காலம் தவறாத கவனம்.

அயலாரின் நகைப்புக்கும் ஒரு சொல். 2021 பிப்ரவரிக்குப் பின் மியன்மாவில் வீடிழந்து இடம்பெயர்ந்தோர் தொகை முப்பது இலட்சத்தைக் கடந்துவிட்டதாக 2024 இல் ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டது. அவர்களுள் எத்தனையோ வீடுகளில் நாயும் பூனையும் மாடும் கோழியும் இருந்தன. வாடகை அறையில் அவற்றுக்கு இடமில்லை; வீட்டுக்காரரும் இசையார். அந்நிலையில் ஒரு குழந்தைக்கு, "இதன் உயிர் என் கையில்" என்று சொல்லிக்கொள்ள ஒரு மீன் கிடைத்திருக்குமாயின், அதை அற்பமென்று தள்ளுதல் ஆகாது. ஆனால் வீட்டு அரிசியைக் குறைத்து மீனுக்கு மருந்து வாங்குவதும் முறையன்று. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு.

மீனின் இயல்பு

சென்னைக் கடைகளில் 'பைட்டர்' என்றும், வேறு சிலரால் 'பெட்டா' என்றும் அழைக்கப்படும் இம்மீனின் தாயகம் தாய்லாந்து. 1910 இல் ஆங்கிலேய விலங்கியலாளர் சார்லஸ் டேட் ரீகன் இதற்கு 'பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்' என்னும் அறிவியற் பெயரைச் சூட்டினார். 2019 இல் தாய்லாந்து அரசு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நெல்வயல்களிலும் ஆழமற்ற சதுப்புகளிலும் வாழும் மீன் இது. நமது பனையேறிக் கெண்டையைப் போலவே செவுள்களுக்கு மேலே ஒரு சிறப்பு உறுப்பு இதற்குண்டு. அதனால் நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை நேராக உட்கொள்கின்றது. காற்றுக் குழாய் இன்றியே இது வாழ்வது இதனால்தான். மின்வெட்டு நீண்டுவிட்ட யாங்கோன் வீடுகளுக்கு இது ஒரு நன்மை.

ஆயினும் இந்த நன்மையே இம்மீனுக்குத் தீங்காகவும் முடிகின்றது. 'காற்றுக் குழாய் வேண்டியதில்லை' என்பதைக் கேட்டவர்கள், 'இடமும் வேண்டியதில்லை, நீர் மாற்றவும் வேண்டியதில்லை' என்று பொருள் கொண்டுவிடுகின்றனர். மீன் தன் கழிவை அமோனியாவாகச் செவுள்களின் வழியே நீரில் விடுகின்றது. எஞ்சிய உணவும் அழுகி அமோனியாவாகின்றது. வயலில் அது பரவிக் கரைந்துபோம். அரை லிட்டர் புட்டியிலோ இரண்டு மூன்று நாட்களிலேயே நஞ்சாகத் திரண்டுவிடும். காற்றை மேலே வந்து குடிக்கும் மீனானாலும், அந்த நஞ்சு செவுளையும் தோலையும் செட்டையையும் எரிக்கும். எரிந்த இடத்தில் நீரிலுள்ள பாக்டீரியா புகும். நாம் 'நோய்' என்று காண்பது அதற்குப் பின்னரே.

முதல் ஏழு நாட்கள்

முதல் வேலை, மீனைப் பெரிய பாத்திரத்திற்கு மாற்றுதல். கண்ணாடித் தொட்டி வாங்க வேண்டியதில்லை. ஐந்து முதல் பத்து லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் வாளியோ தொட்டியோ போதும். சவர்க்காரமோ எண்ணெயோ படாததாக இருக்க வேண்டும். மேலே நான்கு விரல் இடைவெளி விட்டு நீர் நிரப்பி, துளையிட்ட மூடியாலோ வலைத்துணியாலோ மூடுக. இம்மீன் துள்ளி வெளியே விழும் பழக்கமுடையது. நோயுற்றிருக்குங்கால் நீரின் ஆழம் ஒரு சாணுக்கு மேற்படலாகாது. மேற்பரப்புக்கு ஏறி மூச்செடுக்க அதற்கு வலுவிராது.

இரண்டாவது, பழைய நீரை ஒரேயடியாக மாற்றாதிருத்தல். கெட்ட நீரிலிருந்து புது நீருக்குத் திடீரென மாற்றினால் மீன் அதிர்ச்சியால் மாளக்கூடும். முதல் நாள் காலையில் மூன்றில் ஒரு பங்கும், மாலையில் மூன்றில் ஒரு பங்கும் மாற்றுக. இரண்டாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை நாள்தோறும் நான்கில் ஒரு பங்கு மாற்றினால் போதும். ஐந்து லிட்டர் வாளிக்கு இது நாளொன்றுக்கு ஒன்றேகால் லிட்டர்தான். அடியில் தங்கிய கழிவை ஒரு மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பது நன்று. வாயால் உறிஞ்சாமல், குழாயை நீரால் நிரப்பி விரலால் அடைத்து இறக்குக. எடுத்த நீரை வீணாக்காது பூஞ்செடிக்கு ஊற்றலாம்.

மூன்றாவது, உணவை நிறுத்துதல். முதல் இரண்டு நாட்கள் ஒன்றும் கொடுக்க வேண்டாம். வளர்ந்த மீன் அதனால் மடியாது. பின்னர் காலையில் இரண்டு குருணை, மாலையில் இரண்டு குருணை. ஐந்து நிமிடத்தில் உண்ணாததை எடுத்துவிடுக. சோறும் ரொட்டியும் ஆகா. இது பூச்சி தின்னும் மீன்.

யாங்கோன் நீர்

யாங்கோனில் எல்லா வீட்டுக்கும் ஒரே நீர் வருவதில்லை. நகரின் குழாய்நீர் 1904 இல் அமைந்த ஹ்லோகா நீர்த்தேக்கத்திலிருந்தும், 1940 இல் அமைந்த ஜோபியூவிலிருந்தும், பின்னர் எழுந்த வேறு நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகின்றது. புறநகர்களிற் பலர் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியுள்ளனர். ஆற்றுக்கு அப்பாலுள்ள டலாவில் மழைநீர்க் குளங்களே பெரும் ஆதாரம். மார்ச் முதல் மே வரை அவை வற்றிவிட, அன்பர்கள் வண்டியிற் கொணர்ந்து வழங்கும் நீருக்கு மக்கள் வரிசையில் நிற்பதை ஆண்டுதோறும் காண்கின்றோம்.

குழாய்நீரில் குளோரின் கலந்திருக்குமாயின் அது மீனின் செவுளைப் புண்ணாக்கும். அகன்ற வாயுடைய பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் அகன்றுவிடும். கொசு முட்டையிடாதபடி மெல்லிய துணியால் மூடுக. மேலைநாடுகளிற் குடியேறியுள்ள நம் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்குப் பல நகரங்களில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமின் சேர்க்கின்றனர். அது திறந்து வைத்தாலும் அகலாது. கடைகளில் 'ஆன்டி குளோரின்' எனக் கேட்டால் கிடைக்கும் துளிமருந்தைச் சேர்த்தே ஆகவேண்டும்.

கிணற்று நீரில் இரும்பின் நெடி வீசினால், ஒரு நாள் தெளிய வைத்து மேல்நீரை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, கையால் நன்கு அளைந்து காற்றேற்றிப் பயன்படுத்துக. மழைநீரானால் முதல் மழையை விட்டுவிட்டு, பின்வரும் மழையிற் பிடித்ததைப் பழைய நீருடன் பாதிக்குப் பாதி கலந்து கொள்ளலாம். இருபது லிட்டர்க் குடிநீர்ப் புட்டியை மீனுக்காக உடைக்க வேண்டிய தேவையே இல்லை. குடிநீருக்கே தட்டுப்பாடான கோடையில், வீட்டார் தாகம் தீர்ந்த பின்னரே மீனுக்கு நீர். அந்நாட்களில் உணவைப் பாதியாகக் குறைத்தால் கழிவும் குறையும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீர் மாற்றினும் தாங்கும்.

பர்மியர் 'கசூன்' என்று நாள்தோறும் சமைக்கும் வள்ளைக்கீரையின் தண்டு இரண்டை நன்கு கழுவி, இரண்டு மூன்று நாள் வேறு நீரில் ஊறவிட்டு, வேர் விட்டதும் வாளியில் இடலாம். அது வளரும்போது அமோனியாவை உறிஞ்சும். சந்தையில் சிறு காசுக்குக் கிடைக்கும் வடிகட்டி இது.

அறிகுறிகளைப் படித்தல்

நீரைத் திருத்திய பின்னரும் மீன் தேறாவிடில், பகல் வெளிச்சத்தில் அதனை நன்கு நோக்குக.

செட்டை ஓரம் கறுத்தோ சிவந்தோ கந்தலாகியிருப்பின் அது செட்டை அழுகல். தூய நீரே பெரும்பாலும் இதனைக் குணமாக்கும். ஓரத்தில் கண்ணாடி போன்ற புதுத் தசை தோன்றினால் மீன் பிழைத்துக்கொண்டது என்று அறிக. நமக்கு எழுதிய தாயின் மீனுக்கும் இந்நோயே என எண்ணுகின்றோம்.

உடலில் உப்புப் பரல் தூவியது போல் வெண்புள்ளிகள் காணின் அது வெண்புள்ளி நோய். இதனை உண்டாக்கும் ஒட்டுண்ணி தோலுக்குள் இருக்கும்வரை எம்மருந்தும் அதனைத் தீண்டாது. நீரில் நீந்தித் திரியும் பருவத்தில்தான் அழிக்க முடியும். எனவே புள்ளிகள் மறைந்த பின்னும் பத்து நாள் வரை உப்பு நீரைத் தொடர வேண்டும்.

பொன்தூள் பூசியது போன்ற மங்கிய படலம் தோன்றி, மீன் உடலைச் சுவரில் உரசுமாயின் அது வேறொரு ஒட்டுண்ணி. அது ஒளியையும் உணவாக்கிக் கொள்வதால், உப்பு நீருடன் வாளியைத் துணியால் மூடி இருட்டில் வைப்பது உதவும்.

வயிறு பருத்து, ஒருக்களித்து மிதந்தால், மிகையாக உண்டதே பெரும்பாலும் காரணம். மூன்று நாள் பட்டினி போடுக.

வயிறு பருத்ததோடு செதில்கள் விரிந்து அன்னாசிப் பழத்தின் தோல் போல் நின்றால் அது நீர்க்கோவை. உள்ளுறுப்புகள் கெட்டதன் அடையாளம் அது. மிகச் சில மீன்களே அதிலிருந்து மீள்கின்றன. இதற்காகப் பணம் செலவிட வேண்டாம் என்பதே நம் அறிவுரை.

உப்பும் இலையும்

சமையலறைக் கல்லுப்பு நல்ல மருந்து. வேறெதுவும் கலவாத உப்பைப் பொடித்து, ஐந்து லிட்டர் நீருக்கு ஒரு மட்டமான தேக்கரண்டி வீதம் தனிப் பாத்திரத்திற் கரைத்து, ஒரு மணி நேரத்தில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். உப்புப் பரலை மீனின் மேல் போடலாகாது. நீர் ஆவியானாலும் உப்பு ஆவியாகாது. ஆதலால் எவ்வளவு நீரை மாற்றுகின்றோமோ, அவ்வளவு நீருக்குரிய உப்பை மட்டும் மீண்டும் சேர்க்க வேண்டும். இதை மறந்து நாள்தோறும் முழு அளவு சேர்த்து மீனைக் கொன்றவர் பலர். பத்து முதல் பதினான்கு நாட்களுக்குப் பின் உப்பை நிறுத்திவிடுக. உப்பு நீரில் கசூன் தண்டு வாடும். அந்நாட்களில் அதனை எடுத்துவிடலாம்.

யாங்கோன் தெருவோரங்களில் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தைப் பர்மியர் 'பண்டா' என்பர். அதன் உதிர்ந்து காய்ந்த பழுப்பு இலையை, மீன் வளர்ப்போர் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். சென்னையில் அலங்கார மீன் வாணிகத்துக்குப் பெயர்பெற்ற கொளத்தூர்க் கடைகளில் இதுவே 'பாதாம் இலை' என்று காசுக்கு விற்கப்படுகின்றது. யாங்கோனில் குனிந்து எடுத்தால் போதும். பத்து லிட்டருக்கு ஒரு இலை. கழுவிப் போட்டால் நீர் தேநீர் நிறமாகும். இலையின் துவர்ப்புச் சத்து கிருமிகளின் பெருக்கத்தைச் சற்றே தடுக்கும். இது நோய்தீர்க்கும் மருந்தன்று, துணை மட்டுமே. பச்சை இலையும் சாக்கடையோரத்து இலையும் ஆகா.

செய்யத்தகாதவை

வீட்டில் மிஞ்சிய டெட்ராசைக்கிளின், அமாக்சிசிலின் போன்ற குப்பி மாத்திரைகளைப் பிரித்து மீன் நீரிற் கொட்டும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. இதனை வன்மையாகக் கண்டிக்கின்றோம். அளவறியாது இட்ட மருந்து மீனைக் காப்பதரிது. ஆனால் அந்நீரில் வாழும் பாக்டீரியா அம்மருந்துக்கு அஞ்சாதவையாக மாறுகின்றன. அந்நீர் சாக்கடையிற் சேர்கின்றது. அதே தெருவில் நம் குழந்தைகள் விளையாடுகின்றனர். நாளை அக்குழந்தைக்குக் காய்ச்சல் வருங்கால் வேலை செய்ய வேண்டிய மருந்து அது. பெயர் அறியாத வண்ணப் பொடிகளையும், மஞ்சள், வேப்பிலைச் சாறு முதலியவற்றையும் நீரிற் கலக்க வேண்டாம். அவை நீரை மேலும் கெடுக்கும்.

மீனுக்குக் குளிரும் பகை. இருபத்து நான்கு முதல் இருபத்தெட்டுப் பாகை வெப்பம் இதற்கு இசைவு. யாங்கோனில் ஜனவரி விடியலில் வெப்பம் பதினெட்டுப் பாகை அளவுக்கு இறங்கும். அப்போது வாளியைச் சன்னலை விட்டு அகற்றி, பழைய செய்தித்தாள்களும் போர்வையும் சுற்றியோ, மீன் ஏற்றி வரும் வெண்ணிறத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்தோ காக்கலாம். இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஏப்ரலில் முப்பத்தேழு பாகை வெயில் காயும். அப்போது நிழலே மருந்து.

வீட்டார் நலம்

நோயுற்ற மீனின் நீரில் கை வைத்தபின் சவர்க்காரம் இட்டுக் கழுவுவதைக் குழந்தைக்குப் பழக்குக. கையில் புண்ணிருந்தால் நீரைத் தொடலாகாது. மீன்களிடையே காணப்படும் ஒருவகைக் காசநோய்க் கிருமி, மனிதரின் கைப்புண் வழியே புகுந்து ஆறாத கட்டிகளை உண்டாக்குவதுண்டு. மீன் வாளியைச் சமையற் பாத்திரம் கழுவும் இடத்தில் கழுவ வேண்டாம்.

கொசுப்புழு இம்மீனுக்கு விருப்பமான உணவுதான். அதற்காக வீட்டில் திறந்த பாத்திரத்தில் கொசு வளர்ப்பது பேதைமை. மழைக்காலத்து டெங்குக் காய்ச்சலால் யாங்கோனில் ஆண்டுதோறும் குழந்தைகள் துன்புறுகின்றனர். மீன் உள்ள நீரில் புழு தப்பாது. மீன் இல்லாத நீரே ஆபத்து. நீர் சேமிக்கும் பாத்திரங்களை வாரம் ஒருமுறை உட்புறம் தேய்த்துக் கழுவுக.

இறுதியில்

எல்லாம் செய்தும் மீன் பிழையாது போகலாம். கடையில் வாங்கும்போதே அதற்குப் பெரும்பாலும் அரை வயதுக்கு மேலாகியிருக்கும். அதன் ஆயுள் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளே. மீட்சியில்லை என்று தெளிந்தபின் அதனை உயிரோடு கழிப்பறையில் விடுவதும், பனிக்கட்டி நீரில் இடுவதும் கொடுமை. மருந்துக்கடையில் பல்வலிக்கு விற்கும் கிராம்புத் தைலம் இதற்கு உதவும். மூன்று துளியைச் சிறு புட்டி நீரில் நன்கு குலுக்கி, ஒரு லிட்டர் நீரிலுள்ள மீனுக்கு மெல்லச் சேர்த்தால் அது உறங்கிவிடும். பின்னர் மேலும் பதினைந்து துளிகளை அவ்வாறே சேர்த்து, செவுள் அசைவு நின்றபின் அரை மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். இதனைப் பெரியவர்களே செய்தல் வேண்டும். குழந்தையிடம் பொய் சொல்ல வேண்டாம். மண்ணிற் புதைக்க அவனையும் அழைத்துச் செல்லுங்கள்.

திஞ்சான் நீர்த் திருவிழாக் காலத்தில் மீன்களை நீர்நிலைகளில் விட்டுப் புண்ணியம் தேடுவது இந்நாட்டாரின் நல்வழக்கம். வற்றும் குளத்து மீனை ஆற்றில் விடுவது அருள்தான். நோயுற்ற வளர்ப்பு மீனைக் கண்டோஜியிலோ இன்யாவிலோ விடுவது அவ்வாறன்று. நீண்ட செட்டையுடைய அம்மீன் அங்கே ஒரு நாளும் தாங்காது; அதன் நோயோ ஏரி மீன்களைப் பற்றக்கூடும்.

கையிருப்புக் குறைந்த வீட்டுக்கு நாம் சொல்லும் செலவு வரிசை இதுதான். முதலில் ஒரு வாளி. அடுத்து ஒரு பிடி கல்லுப்பு. அதற்கடுத்து, குழாய்நீர் ஐயத்துக்குரியதானால் ஆன்டி குளோரின். பூஞ்சணம் பிடித்துத் தேறாத மீனுக்கு மட்டும், கடைசியாக, மெத்திலீன் புளூ என்னும் மலிவான நீல மருந்து. இதற்கு மேல் எவர் எது சொன்னாலும் பணப்பையைத் திறக்க வேண்டாம்.

நீர் மாற்றும் பொறுப்பை மகனிடமே ஒப்படைக்குமாறு அத்தாயைக் கேட்டுக்கொள்கின்றோம். ஒரு தாளில் நாட்களைக் குறித்து, நீர் மாற்றிய வேளை, உண்ட குருணை, செட்டையின் நிலை ஆகியவற்றை அவனே எழுதட்டும். பள்ளி தடைப்பட்ட பிள்ளைகளுக்கு அது எழுத்துப் பயிற்சியாகவும் அமையும்.